2019 டிசம்பர் 26: உங்கள் ஊரில் மேகம் விட்டதா?

கரூர்க்காரன்:

வளைய சூரிய கிரகணத்தன்று (நிலா சூரியனை முழுசாக மறைக்காமல் ஓரம் மட்டும் வளையமாகத் தெரியுமே, அதுதான்) யார் எங்கே இருந்தீர்கள், என்ன கிடைத்தது என்று எழுதுங்கள். மேகத்தை மட்டும் பார்த்துவிட்டு வீடு திரும்பியவர்களும் எழுதலாம்.

நானே தொடங்குகிறேன். எங்கள் வீட்டு மொட்டைமாடி. மார்கழி மாதம், ஏழு ஏழரை வரை பனிமூட்டம். சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. எட்டு மணிக்கு மேல் கிரகணம் பிடிக்கத் தொடங்கியபோது வானம் வெளுத்திருந்தது. வளையம் ஒன்பதரை மணிவாக்கில், மூன்று நிமிடம்போல என்று முன்பே செய்தித்தாளில் போட்டிருந்தார்கள்.

அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் ஒரு மெல்லிய மேகம் குறுக்கே வந்தது. கிரகணக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கும்மிருட்டு. கழற்றினால் மேகத்துக்குள் பிறை அப்படியே தெரிகிறது, கண்ணும் கூசவில்லை. மாடியில் இருந்த அத்தனை பேருக்கும் கை கண்ணாடியைக் கழற்றத்தான் போனது. பளிச்சென்ற வானத்தை யாரும் வெறுங்கண்ணால் ரொம்ப நேரம் பார்க்க மாட்டார்கள், கண்ணே மூடிக்கொள்ளும். இந்த அரைகுறை மேகம்தான் ஆளை ஏமாற்றும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று விலகிவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது. பொசுங்கினாலும் அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றாது, சில மணி நேரம் போனபின் பார்வைக்கு நடுவே கறை தெரியும்போதுதான் தெரியவரும்.

அண்ணன் மகள் "சித்தப்பா, ஒரே ஒரு செகண்ட்" என்று கெஞ்சினாள். நான் விடவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள். வளையம் வந்தபோது மேகம் நகர்ந்திருந்தது, அவளே ஓடி வந்து கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

வயநாடு போய் வந்தவன்:

அண்ணே, வயித்தெரிச்சலைக் கிளப்பாதீர்கள். நாங்கள் நண்பர்கள் சேர்ந்து கோவையிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வயநாட்டில் இருக்கிற கல்பற்றா போனோம். மலைமேல் நின்று பார்த்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று ஒருவன் கிளப்பிவிட்டதுதான் காரணம். மலையில் மேகம் நிற்கும் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. வளையம் இருந்த நேரம் முழுக்க ஒரே சாம்பல் நிறம். வெளிச்சம் மட்டும் மங்கியது, அந்தி நேரம்போல அல்ல, விளக்கின் வோல்டேஜ் குறைந்ததுபோல. கொஞ்சம் குளிர்ந்தது. அவ்வளவுதான். கரூரிலிருந்து மச்சான் போட்டோ அனுப்பினான், வண்டி திரும்பும்வரை யாரும் பேசவில்லை.

ஒரே ஆறுதல், அன்றைக்கு டெல்லியில் பிரதமருக்கும் மேகம்தான். கோழிக்கோட்டிலிருந்து வந்த நேரலையில்தான் பார்த்தேன் என்று ட்விட்டரில் போட்டிருந்தார்.

திண்டுக்கல் டீச்சர்:

எங்களுக்கு நன்றாகவே தெரிந்தது. அரையாண்டு விடுமுறை, இருந்தும் பிள்ளைகள் நிறையப் பேர் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். வராதவர்கள் வீட்டில் விடவில்லை என்று அப்புறம் சொன்னார்கள்.

கண்ணாடிகள் எல்லாருக்கும் போதாது, அதனால் பந்துக் கண்ணாடி செய்தோம். ரப்பர் பந்தில் மணல் அடைத்து, அதன்மேல் சின்ன முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டை ஒட்டி, கருப்புக் காகிதத்தில் விரல்நக அளவு ஓட்டை போட்டு மூடுவது. பந்தை ஒரு டம்ளர் வாய்மேல் உட்கார வைத்துவிட்டால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம். வெயிலை அடித்து, ஜன்னல் சாத்திய வகுப்பறைச் சுவரில் விழவைத்தோம். சுவர் 20 மீட்டர் தள்ளி இருந்தால் சூரிய பிம்பம் சுமார் 18 செ.மீ. அகலத்தில் விழும். கண்ணாடியை யாரும் எட்டிப் பார்க்காமல் ஒரு ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

சுவரில் பார்த்ததில் ஒரு விசேஷம், மேகமும் பிம்பத்தோடு சேர்ந்து விழுகிறது. பிறைமேல் ஒரு நிழல் ஊர்ந்து போவதைப் பிள்ளைகள் முதலில் கவனித்தார்கள், "டீச்சர், மேகம் போகுது" என்று. வெளியே வேப்பமர நிழலில் தரை முழுக்கக் குட்டிக் குட்டிப் பிறை. வளைய நேரத்தில் அத்தனையும் வட்டம் வட்டமாக மாறிவிட்டன. இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளைதான், சின்ன ஓட்டை வழியாக வரும் வெயில் சூரியனின் உருவத்தையே தரையில் விழவைக்கும். சமையலறை வடிதட்டைக் கையில் பிடித்தாலும் இதே படம் கிடைக்கும். தரையைப் பார்க்க எந்தக் கண்ணாடியும் வேண்டாம்.

பட்டறை:

வெல்டிங் கண்ணாடி பற்றிக் கேட்பவர்களுக்கு: 14ஆம் நம்பர் மட்டும் (நம்பர் கூடினால் கருமை கூடும்). பட்டறைகளில் சாதாரணமாகக் கிடப்பது 10, 11. அது பொறிக்கு, சூரியனுக்கு அல்ல. பக்கத்து வீட்டுத் தம்பி ரெண்டு 10ஆம் நம்பரைச் சேர்த்துப் பிடித்தால் 20 ஆகாதா என்று கேட்டான். அந்தக் கணக்கு அப்படி வேலை செய்யாது என்று சொல்லி அனுப்பினேன். எக்ஸ்ரே ஃபிலிம், பழைய நெகட்டிவ், சிடி எதுவுமே வேண்டாம். கிரகணக் கண்ணாடி என்றால் போட்டுக்கொண்டு தெருவைப் பாருங்கள்; மரமோ சுவரோ தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். கண்ணில் கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டு பைனாகுலர் வழியாகப் பார்ப்பது இன்னும் மோசம். வெயிலைக் குவித்து அனுப்பும், கண்ணாடி தாங்காது.

ராமேஸ்வரம் பக்கம்:

2019ஐ நான் விட்டுவிட்டேன், ஆனால் 2010 ஜனவரி 15 எனக்குக் கிடைத்தது. தனுஷ்கோடி. அப்போது அரிச்சல்முனைக்குத் தார்ரோடு கிடையாது, மணலில் வேன்தான். உள்ளே உட்கார்ந்திருந்தால் இடுப்பு கழன்றுவிடும். மதியம் ஒன்றேகால் மணி சுமாருக்கு வளையம். பத்து நிமிடத்துக்கு மேல் நின்றது! நீங்கள் மூன்று நிமிடத்துக்கே இவ்வளவு எழுதுகிறீர்கள். நிலா அப்போது பூமிக்குத் தூரத்தில் இருந்ததால் சின்னதாகத் தெரிந்தது, வளையம் தடிமனாக இருந்தது. ஒருவழியாகப் பார்த்து முடித்து, வேனில் இருந்து எடுத்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே மறுபடி பார்த்தோம், அப்போதும் வளையம் இருந்தது. கூட வந்த பெரியவர் ஒருவர் சாப்பாட்டைத் தொடவில்லை. விட்டபின் கடலில் குளித்துவிட்டுத்தான் சாப்பிட்டார். அவர் வழக்கம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சிங்கப்பூர் தம்பி:

இங்கே அதே நாள் மதியம் ஒன்றரைக்குச் சற்று முன்னால். சைட்டில் சாப்பாட்டு நேரம், அதனால் தப்பித்தோம். மேகம் வந்து வந்து போனது. ஃபோர்மேன் சந்தோஷமாகிக் கண்ணாடியை எல்லாருக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்.

கரூர்க்காரன்:

அருமை. அப்புறம் ஒன்று, எங்கள் ஆத்தா அன்று தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நட்டமாக நிறுத்திக் காட்டியது. கிரகணம் விட்டதும் விழும் என்றது. மதியச் சாப்பாடு முடிந்து நான் போய்ப் பார்க்கையில் நின்றுகொண்டுதான் இருந்தது. அடிப்பாகம் சமமாக இருந்தால் எந்த நாளும் நிற்கும் என்று நான் சொன்னதை ஆத்தா காதில் வாங்கவில்லை.

திண்டுக்கல் டீச்சர்:

தமிழ்நாட்டுக்கு அடுத்த வளையம் 2031 மே 21. கொச்சி, தேனி, மதுரை வழியாக வந்து யாழ்ப்பாணம் பக்கம் போகிறது. அக்னி நட்சத்திர நேரம், மதியம், சூரியன் கிட்டத்தட்ட தலைக்குமேல். பந்துக் கண்ணாடியில் வெயிலை ரொம்ப மடக்க வேண்டிவரும், ஊசித்துளை அட்டையோ வடிதட்டோ சுலபம். கேரளப் பக்கம் அந்த மாதக் கடைசியில் மழை மேகத்துக்கு வாய்ப்பு அதிகம், அதனால் நான் மதுரைப் பக்கம் போவதாக இருக்கிறேன்.

வயநாடு போய் வந்தவன்:

டீச்சர், மதுரையில் யாராவது மொட்டைமாடி தருவதாக இருந்தால் சொல்லுங்கள். மலைக்கு மட்டும் கூப்பிடாதீர்கள்.