கூடாரவல்லியும் அம்மாவின் கண்ணும்: இந்த வாரப் புதுப்பிப்பு

அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்திருப்பதால், தினமும் திருப்பாவையை நானே வாசித்துக் காட்டப்போகிறேன் என்று மார்கழி தொடக்கத்தில் எழுதியிருந்தேன். நேற்று கூடாரவல்லி, அக்காரவடிசில் என்னும் பால் சர்க்கரைப் பொங்கல் படைக்கும் நாள்; 27ஆம் பாசுரம். இன்னும் மூன்றுதான்.

முழங்கை வரை நெய் வழியப் பாடியிருக்கிறாள் ஆண்டாள். அக்காரவடிசிலில் நெய்யைக் குறைக்க மனம் வருமா? பச்சரிசியையும் கொஞ்சம் பாசிப்பருப்பையும் வறுத்து, பாலிலேயே குழைய வேகவிட்டேன். சூடு சற்று ஆறியபிறகுதான் வெல்லப்பாகு, இல்லையென்றால் பால் திரிந்துவிடும். அறையிலிருந்தே அம்மா இதை மூன்று முறை சொன்னாள். எனக்கு அந்தக் குரலே போதும்.

சொட்டு மருந்து இன்னும் இரண்டு வாரம். அப்புறம் ஒரு நல்ல செய்தி: இன்று காலை வாசலில் நின்று, என் கோலத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனதை அம்மாவே கண்டுபிடித்தாள்.