தீபாவளிக்குக் கையில் 700 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). எதை வெட்டுவது?

செங்காங்_அம்மா:

வணக்கம். இந்த வருடம் (2025) தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. இன்னும் மூன்று வாரம்தான். வீட்டுக்காரருக்கு ஜூன் மாதத்திலிருந்து ஓவர்டைம் கிடையாது. ஏற்றுமதி ஆர்டர் குறைந்துவிட்டது, அமெரிக்க வரிதான் காரணம் என்று கம்பெனியில் சொல்கிறார்களாம். வேலை இருக்கிறதே, அதற்கே கும்பிடு போட வேண்டும். ஆனால் மாதம் 600 வெள்ளி துண்டு விழுகிறது.

போன தீபாவளிக்கு எவ்வளவு செலவழித்தோம் என்று நேற்று ராத்திரி வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தேன். 1,200 இருக்கும் என்று நினைத்தேன். 1,940! என் சேலை 180, ஜாக்கெட் தைக்க 40, பிள்ளைகள் இருவருக்கும் இரண்டிரண்டு செட், ஹாலுக்குப் புதுத் திரைச்சீலை 260, பலகாரம் பதினொரு டப்பா. அதில் ஒரு முறுக்கு டப்பா பிப்ரவரியில்தான் கண்ணில் பட்டது, அரிசி வாளிக்குப் பின்னால். திறந்தால் காறல் வாடை.

இந்த வருடம் 700தான், அதற்கு மேல் ஒரு காசு எடுப்பதாக இல்லை. அங்பாவ் (பிள்ளைகளுக்கு உறையில் வைத்துக் கொடுக்கிற காசு) மட்டுமே தலைக்கு 10 என்று 22 பிள்ளைகளுக்கு 220 போய்விடும். 5 ஆக்கினால் அசிங்கமாக இருக்குமா? துணிமணிக்குப் பாலம் தாண்டி மலேசியப் பக்கம் ஜோகூர் போனால் மிச்சமாகுமா? நாத்தனார் வேறு, “இந்தத் தீபாவளிக்கு என்ன நகை அண்ணி?” என்று கேட்கிறாள். பவுன் ஆயிரம் வெள்ளியைத் தாண்டி நிற்கிறது, அதன்மேல் செய்கூலி, அதன்மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. சிரித்து மழுப்பிவிட்டேன்.

தேக்கா_சுற்றி:

அக்கா, ஜோகூர் கணக்கு எல்லாருக்கும் சரிவராது. 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் 100 வெள்ளிச் சாமானுக்குத்தான் ஜிஎஸ்டி விலக்கு. ஒர்க் பர்மிட், எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. தீபாவளிக்கு முந்தின வாரக் கடைசியில் பாலத்தில் நிற்கிற நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளோடு.

தேக்கா (லிட்டில் இந்தியா) கேம்பல் லேன் கடைகளில் தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி விலையை இறக்குவார்கள். தோரணம், கோலப்பொடி, விளக்குக்கு அது சரி. பிள்ளைத் துணிக்குக் காத்திருக்காதீர்கள். நான் ஒரு வருடம் பதினொரு மணிக்குப் போய் நின்றேன். ஆறு வயது அளவு தீர்ந்துவிட்டது, பத்து வயதுக் குர்தாதான் இருந்தது. பையன் அன்றைக்கு முழுக்கக் கையை மடித்துவிட்டபடியே திரிந்தான். படங்களில் எல்லாம் தம்பி மாதிரி இல்லை, சாமியார் மாதிரி இருக்கிறான்.

செம்பவாங்_பெரியம்மா:

மகளே என்று கூப்பிடலாம்தானே, எனக்கு 54 ஆகிறது. 1985-ல் அப்பாவுக்குக் கப்பல் பட்டறை வேலை போய்விட்டது. அடுத்த வருடம் வேறோர் இடத்தில் பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். அந்த வருடம்தான் மசே நிதிக்கு (மத்திய சேம நிதி, சம்பளத்தோடு சேர்கிற ஓய்வுக்காலச் சேமிப்பு) முதலாளி போடுகிற பங்கை 25 விழுக்காட்டிலிருந்து 10-க்கு இறக்கினார்கள். சாப்பிட உட்கார்ந்தால் அப்பாவுக்கு அதே பேச்சு. ரசம் ஆறிப்போகும்.

அந்தத் தீபாவளிக்கு அம்மா திரைச்சீலையைக் கழற்றி, ஓரத் தையலை ஊசியால் பிரித்து, வெயிலில் வெளுத்த பக்கத்தை உள்ளே போட்டுத் திருப்பித் தைத்தார். கை மிஷின், நான்தான் சக்கரம் சுற்றினேன். வந்திருந்த மாமி ஒருத்தர், “புதுசா?” என்று கேட்டார். அம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காபி கலக்கிறேன் என்று எழுந்து போய்விட்டார். உங்கள் 260 வெள்ளித் திரைச்சீலைக்கு ஒரு வயதுதானே ஆகிறது? துவைத்து மாட்டுங்கள், போதும்.

பலகாரத்தை வீட்டில் சுடுங்கள். நாலு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு வறுத்து அரைத்த உளுத்தம் மாவு, கொஞ்சம் வெண்ணெய், எள், உப்பு. முறுக்கை முதலில் சுட்டுவிட்டு அதிரசத்தைக் கடைசியில் போடுங்கள். அதிரசம் போட்ட எண்ணெயில் வெல்லம் தீய்ந்து கிடக்கும், அதிலே முறுக்குப் பிழிந்தால் கறுத்துவிடும். எண்ணெயை இரண்டு தடவை வாங்க வேண்டாம் பாருங்கள்.

அப்புறம் பற்றுச்சீட்டு. அரசாங்கம் வீட்டுக்கு வீடு கொடுத்த சிடிசி பற்றுச்சீட்டில் மிச்சம் இருந்தால் அதை முதலில் தீர்த்துவிடுங்கள், 2025 டிசம்பர் 31 வரைதான். நாட்டின் 60-வது பிறந்தநாளுக்குக் கொடுத்த எஸ்ஜி60 பற்றுச்சீட்டு அடுத்த வருடக் கடைசி (2026) வரை இருக்கும். பற்றுச்சீட்டில் பாதி பேரங்காடிக்கு, அதில் மாவு, எண்ணெய், நெய். மற்றப் பாதிக்குச் சந்தையில் பற்றுச்சீட்டு ஸ்டிக்கர் ஒட்டிய இறைச்சிக் கடையைப் பாருங்கள். மீதிச் சில்லறை திருப்பித் தரமாட்டார்கள். பற்றுச்சீட்டு 2, 5, 10 என்றுதானே இருக்கிறது, 27 வெள்ளி 50 காசுக் கறிக்கு 27 காட்டிவிட்டு ஐம்பது காசைக் கையில் கொடுங்கள்.

அங்பாவ் 5 போடுங்கள், புது நோட்டாக. பிள்ளைகள் உறையைப் பிரித்ததும் மறந்துவிடும். யார் எவ்வளவு வைத்தார்கள் என்று கணக்கு வைப்பது அதுகளின் அம்மாக்கள். என்னையும் சேர்த்துத்தான்.

மூன்றாம்_தவணை:

ஒன்றே ஒன்று சொல்கிறேன். “மூன்று தவணையில் கட்டலாம், வட்டி இல்லை” என்று கைத்தொலைபேசியில் வருமே, அந்தப் பக்கம் போகாதீர்கள். போன வருடம் தீபாவளி அக்டோபர் 31. 420 வெள்ளித் துணியை 140 வீதம் மூன்றாகப் பிரித்தேன். கடைசித் தவணை டிசம்பரில் வந்து நின்றது, சரியாகப் பெரியவளுக்குப் பள்ளிப் புத்தகமும் சீருடையும் வாங்குகிற வாரத்தில். கணக்கில் காசு இல்லை, தாமதக் கட்டணம் வேறு. வாங்கிய சட்டை அதற்குள் சின்னவனுக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

செங்காங்_அம்மா:

எல்லாருக்கும் நன்றி. பெரியம்மா, நீங்கள் எழுதியதை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். ரசம் ஆறிப்போகும் என்ற இடத்தில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

பிள்ளைகளுக்கு ஒரே ஒரு செட், இந்தச் சனிக்கிழமையே தேக்காவில், 120-க்குள். எனக்குப் போன வருடச் சேலையே போதும், பொங்கலுக்குக்கூட அதைக் கட்டவில்லை. அங்பாவ் 5, ஆக 110. சிடிசியில் 84 வெள்ளி கிடக்கிறது, எனக்கே தெரியாது! நாத்தனாரிடம் இன்றைக்குப் போன் போட்டு, “நகை இல்லைம்மா, ஓவர்டைம் போச்சு” என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “எங்க வீட்டிலும் அதே கதைதான் அண்ணி” என்றாள். அவளும் 5தான் போடப்போகிறாளாம். அடுத்த ஞாயிறு என் வீட்டில் இருவரும் சேர்ந்து சுடுவதாகப் பேச்சு.

முறுக்குப் பிடியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். குழாய் இருக்கிறது, மரைகூட நன்றாக ஓடுகிறது, மூன்று கண் தட்டைத்தான் காணோம். ஓமப்பொடித் தட்டு மட்டும் கிடக்கிறது. செங்காங், பொங்கோல் பக்கம் யாரிடமாவது இருந்தால் ஒரு நாள் இரவல் கிடைக்குமா? கழுவித் துடைத்து, நாலு முறுக்கோடு திருப்பித் தருகிறேன்.