உள்ள வாற கோல் 32 செக்கனில கட்டாகுது

வணக்கம். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில எங்கட ஹாட்வெயார் கடைக்கு கிராண்ட்ஸ்ட்ரீம் யூசிஎம்6202 (கடை போன்களை இணைக்கிற எக்ஸ்சேஞ்ச் பெட்டி) பூட்டி, 021 இலக்கத்தில எஸ்ஐபி ட்ரங்க் (இன்டர்நெட்டால வாற போன் லைன்) எடுத்திருக்கிறம். போன மாதக் கடைசியில இருந்து பாவனையில இருக்கு. வெளியில எடுக்கிற கோல் எவ்வளவு நேரமும் போகுது. உள்ள வாற கோல்தான் சரியா 32 செக்கனில கட்டாகுது. ஆள் சீமெந்து விலை கேட்டு முடிக்கேக்க லைன் இல்லை.

பைபர் றவுட்டரில எஸ்ஐபி ஏஎல்ஜியை (கோல் பக்கெட்டுகளை றவுட்டர் தானா மாத்திற வசதி) நிப்பாட்டியாச்சு. கோல் சிக்னலுக்கு யூடிபி 5060, சத்தம் போற ஆர்டிபிக்கு 10000–20000 போர்ட்டுகள் திறந்தாச்சு. யூசிஎம்மில நாட் (உள் ஐபியை வெளி ஐபியா மாத்திறது) செட்டிங் பக்கத்தில வெளி ஐபியும் குடுத்திருக்கு. சத்தம் ரெண்டு பக்கமும் தெளிவாக் கேக்குது, அதால கோடெக் (சத்தத்தைச் சுருக்கிற முறை) பிழை எண்டு நினைக்கேல்லை.

பக்கெட் பிடிச்சுப் பாத்தன். நாங்கள் ‘கோலை எடுத்தாச்சு’ எண்ட 200 ஓகே திரும்பத் திரும்ப அனுப்புறம், அங்கால இருந்து ‘கிடைச்சுது’ எண்ட ஏசிகே வரவே இல்லை. றவுட்டரின்ர வான் (வெளிப்பக்க) ஐபி 100.72 எண்டு தொடங்குது, வெளியில காட்டுறது வேற ஐபி. அப்ப சிஜிநாட்டுக்கு (கனபேருக்கு ஒரே வெளி ஐபியைப் பகிர்ந்து குடுக்கிற, இணைப்புத் தாற ஆக்களின்ர நாட்) பின்னால நிக்கிறம், போர்ட் திறந்ததெல்லாம் வீண் வேலை போல. இணைப்புத் தந்த ஆக்களிட்டக் கேட்டா ‘றவுட்டரை ஓஃப் பண்ணிப் போடுங்கோ’ எண்ட பதில்தான்.

ட்ரங்கை யூடிபியில இருந்து டிசிபிக்கு (இணைப்பைத் திறந்து வச்சு அனுப்புற முறை) மாத்தினால் இது சரிவருமோ, இல்லாட்டி மாதக்காசு கட்டி நிலையான ஐபி எடுக்கத்தான் வேணுமோ?