ரூஃப் போட்ட அன்று இறங்கிய ஜாக்கி

எங்கள் வீட்டு போர்டிகோ ரூஃப் போட்ட அன்று நடந்தது இது. உள்ளே ரூம்களில் சென்ட்ரிங் ஜாக்கி (கான்கிரீட் இறுகும்வரை அடியில் உள்ள தகர அச்சைத் தாங்கும் இரும்பு முட்டு) எல்லாம் கெட்டியான தரையில் நின்றன, போர்டிகோவில் மட்டும் இரண்டு வாரத்துக்கு முன் கொட்டிய மண். முதல் நாள் இரவு நல்ல மழை வேறு. கம்பி, அதற்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் கட்டை எல்லாவற்றையும் குனிந்து குனிந்து பார்த்த நான், கீழே போய் ஜாக்கியின் காலடியைப் பார்க்கவில்லை. சிலவற்றுக்கு அடியில் பலகை, மற்றதற்கு உடைந்த செங்கல்.

பாதி கான்கிரீட் விழுந்திருக்கும். ஒரு தகர ஷீட் இடுக்கில் சிமெண்ட் பால் கோடாக ஒழுக ஆரம்பித்ததுமே சென்ட்ரிங் மேஸ்திரி "மேலே நிறுத்துங்கப்பா!" என்று கத்தினார். பார்த்தால், ஒரு ஜாக்கி செங்கலோடு இரண்டு விரல் ஆழம் மண்ணுக்குள் போயிருக்கிறது. 5 அங்குல ரூஃப் சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 30 கிலோ. 4-க்கு 3 அடியைத் தாங்கும் ஜாக்கிக்கு 360 கிலோ, அதற்கு மேல் ஆட்களும், கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரும். ஈர மண் என்ன செய்யும்? பக்கத்திலேயே பலகை போட்டு இரண்டு சவுக்குக் கம்பு கொடுத்து ஆப்பு அடித்தார்கள். ரூஃப் தப்பித்தது. ஆனால் சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது அந்த இடத்தில் ரூஃப் அடியில் விழுந்த தொப்பை இன்னமும் தெரியும்.

-----

அண்ணே, எங்களுக்கு சென்ட்ரிங் பிரிக்கும்போது வினை. பால்கனிக்குக் கம்பி மேல்பக்கம், அதனால் முட்டுகளை வெளி நுனியிலிருந்து சுவரை நோக்கி எடுத்து வரவேண்டும். பையன்கள் சுவர்ப்பக்கத்தில் ஆரம்பித்துவிட்டார்கள். நுனி முட்டு மட்டும் நின்றதில் நடு தொய்ந்து, அடியில் மயிரிழை விரிசல். நுனியில்தான் முட்டு இருக்கிறதே என்று சமாதானம் வேறு சொன்னார்கள்!

-----

என் தகராறு முட்டை எடுக்கும் நாள் கணக்கில், அதாவது ஜாக்கிகளை எத்தனை நாள் நிறுத்துவது என்பதில். ஹால் அகலம் 16 அடி. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456-இல் 4.5 மீட்டர் (15 அடிக்குக் கொஞ்சம் கீழே) வரையிலான ஸ்லாபுக்கு முட்டு 7 நாள், அதைத் தாண்டினால் 14. அதுவும் ஓபிசி என்னும் சாதா சிமெண்டுக்கு, நாங்கள் போட்டதோ மெதுவாக வலு ஏறும் பிபிசி. சென்ட்ரிங்காரர் எட்டாம் நாளே வண்டியோடு வந்து நின்றார். "சதுர அடிக்குத்தானே காசு, எங்க தகரத்தை எத்தனை நாள்தான் கட்டிப்போடுவீங்க?" அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, அடுத்த சைட் காத்திருக்கிறது. கடைசியில் எட்டாம் நாளிலிருந்து நாள் வாடகை என்று பேசி 18 நாள் நிறுத்திவைத்தேன். பத்தொன்பதாம் நாள் நான் பல் விளக்குவதற்கு முன்னால் லாரி வாசலில் நின்றது.