குளிக்கச் சிரமமா? "இல்லையே!"

பக்கவாதம் வந்தவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவில் இயன்முறை சிகிச்சையாளராக இருக்கிறேன். நோயாளிகளின் அன்றாடச் செயல்பாட்டை அளக்கக் கேள்வித்தாள் தயாரித்த குழுவிலும் இருந்தேன். அங்கே பட்டதைச் சொல்கிறேன், நீங்களும் எழுதுங்கள்.

"கடந்த ஒரு வாரத்தில் குளிப்பதில் எவ்வளவு சிரமம் இருந்தது?" என்று ஒரு கேள்வி. குழுவில் யாருக்கும் அதில் குறை தெரியவில்லை. வலது கை சுத்தமாக வராத ஒருவர் "சிரமமே இல்லை" என்று குறித்திருந்தார். சோதனைக் கட்டம் என்பதால் எதிரே உட்கார்ந்து காரணம் கேட்டேன். "மனைவிதான் குளிப்பாட்டிவிடுகிறாள், எனக்கென்ன சிரமம்?" என்றார்.

அவர் சொன்னது சரி, கேள்விதான் தப்பு. "யாருடைய உதவியும் இல்லாமல்" என்று சேர்த்தோம். அப்புறம் அதிலும் சிக்கல். தனியாகக் குளித்தே பார்க்காதவர் கற்பனையில்தானே பதில் சொல்வார்! கடைசியில் இரண்டாக உடைத்தோம்: தனியாகச் செய்ய முடியுமா, வீட்டில் உண்மையில் எப்படி நடக்கிறது. உடல்நலத்தையும் அன்றாடச் செயல்பாட்டையும் விவரிக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் 2001 ஐசிஎஃப் வகைப்பாடு திறனையும் நடைமுறைச் செயல்பாட்டையும் பிரித்துத்தான் பார்க்கிறது. படித்த பாடம்தான், அன்றைக்குத்தான் உறைத்தது.

பதில் 1

நோயாளியின் மகளாக எழுதுகிறேன். அப்பாவை வீட்டுக்கு அனுப்பும்போது, அன்றாட வேலைகளைத் தானே செய்கிறாரா என்று அளக்கும் பார்த்தெல் அளவுகோலில் 100க்கு 100. குணமாகிவிட்டார் என்றே நினைத்தோம். முதல் வாரமே அடுப்பை அணைக்க மறந்தார். வாசலைத் தாண்டவே பயந்தார். சாப்பிடுவது, உடுத்துவது, படியேறுவது மாதிரி பத்து விஷயங்களைத்தான் அது பார்க்கிறது என்று பிறகே தெரிந்தது. 100 வாங்கியவர் தனியாக வாழ முடியும் என்று அர்த்தமில்லை என்று அதை உருவாக்கியவர்களே 1965-இல் எழுதியிருக்கிறார்கள். எங்களிடம் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பதில் 2

மதிப்பெண் போடுகிறவர் கதை ஒன்று. நோயாளிக்கு எவ்வளவு உதவி தேவை என்று அளக்கும் எஃப்ஐஎம் அளவுகோலில் 18 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்கு, ஒரே நாளில் ஒரே நோயாளிக்கு நான் 6, சக ஊழியர் 4. ஊன்றுகோலோடு தானே மாறினால் 6, லேசாகக் கைகொடுத்தால் 4. நேரில் பார்த்தபோது புரிந்தது: நோயாளி விழுந்துவிடுவாரோ என்று சக ஊழியர் அவருடைய இடுப்புப் பட்டையைப் பிடித்த பிடி விடுவதே இல்லை. குறைந்த இரண்டு புள்ளியும் சக ஊழியரின் பயத்துக்கானவை!

முதலில் எழுதியவர்

மகளாக எழுதியவருக்கு: எங்கள் பேச்சில் அது உச்சவரம்பு விளைவு. அளவுகோல் முடிந்துபோகும், மனிதரின் சிரமம் முடியாது. அதனால்தான் எங்கள் தாளில் வெளியே போவது, பணம் கையாள்வது எல்லாம் பிறகு சேர்ந்தன.

குளியல்காரர் கதையில் மிச்சம் இருக்கிறது. திருத்திய தாளை அவரிடமே கொடுத்தோம். இந்த முறை "மிகுந்த சிரமம்" என்று குறித்துவிட்டு, பேனாவை வைத்தபடி கேட்டார்: "போன தடவை நன்றாகத்தானே இருந்தேன்? அதற்குள் மோசமாகிவிட்டேனா?"