புதுப்பிப்பு: கார் இல்லாமல் புய் மரி மலை ஏறியாயிற்று

பிரான்சின் காந்தால் மலைகளில் இருக்கும் புய் மரிக்கு (1783 மீட்டர்) கார் இல்லாமல் போக வழி கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "ரயிலில் லியோரான் வந்து அங்கிருந்தே நடங்கள்" என்ற யோசனை. நிலையத்தை விட்டு வெளியே வந்து ரோம்பியேர் கணவாய்க்கு ஏறினோம். அதன்பின் ஜி.ஆர். 4 என்ற நெடுந்தூர நடைப்பாதையின் வெள்ளை-சிவப்பு அடையாளக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே மலைமுகட்டில் நடை. கப்ர் கணவாய் தாண்டியதும் பழைய எரிமலையின் நடுவிலிருந்து பள்ளத்தாக்குகள் சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி பிரிந்து போவது தெரிந்தது. பனியாறுகள் குடைந்தவை அவை. அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டோம்.

உச்சிக்குச் சற்று முன் ரோலான் பிளவு வருகிறது. கையை ஊன்றி இறங்க வேண்டிய செங்குத்துப் பாறை. இதை ஒருவர் முன்பே எச்சரித்திருந்தார், அவருக்குத் தனி நன்றி. ஈரமாக இருந்தால் சின்னப் பிள்ளைகளோடு போக வேண்டாம் என்பேன்.

எதிர்பாராதது மூடுபனி. பத்தே நிமிடத்தில் எதிரே போனவர் மறைந்துபோனார். கைப்பேசியில் முன்பே இறக்கி வைத்த வரைபடம்தான் காப்பாற்றியது. முகட்டில் நிழல் இல்லை, குடிநீர்க் குழாயும் கண்ணில் படவில்லை. ஆளுக்கு 2 லிட்டர் சரியாக இருந்தது.

வந்த வழியே திரும்பினோம். நின்று நின்று போனதில் மொத்தம் எட்டரை மணி நேரம். மாலை ரயில் நேரத்தை முதலிலேயே பார்த்து வையுங்கள்.