பீட்ஸ்ல ப்ளகின் சேர்த்ததுல இருந்து ஒரு ஆல்பமும் மேட்ச் ஆகலை

மேலூர் மைக்செட்:
வணக்கம்ணே, எங்களுக்கு மேலூர்ல அப்பா காலத்துல இருந்து மைக்செட் தொழில். அவரு சேர்த்து வச்ச கேசட், சிடி எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்துனதுல 15,000 பாட்டுக்கு மேல வந்துருச்சு, காதுகுத்து வீட்ல ஒருத்தர் வந்து பாட்டு சொன்னா நான் தேடி எடுக்குறதுக்குள்ள இன்னும் நாலு பேர் வந்து நிக்கிறாங்க, அதுக்காகத்தான் பாட்டு ஃபைலுக்கு விவரம் தேடிப் பதிஞ்சு ஃபோல்டர்ல அடுக்கி வைக்கிற பீட்ஸ்ங்கிற மென்பொருளைப் போட்டேன். மொதல்ல நல்லா ஓடுச்சு. அப்புறம் அதோட அமைப்பை எழுதுற கான்ஃபிக் ஃபைல்ல ப்ளகின்ஸ்னு (கூடுதல் வசதி) ஒரு வரி போட்டு, ஆல்பம் படம் எடுக்குற ஃபெட்ச்ஆர்ட், பாட்டு வரி எடுக்குற லிரிக்ஸ், ஒலியை வச்சுப் பாட்டைக் கண்டுபிடிக்கிற குரோமா மூணையும் எழுதுனேன், அதுல இருந்து எந்த ஆல்பத்தைக் குடுத்தாலும் மேட்சிங் ரிலீஸ் இல்லைங்குது. இன்னொண்ணு, முன்னாடி ஏத்துன சினிமாப் பட ஆல்பம் பாதி கம்பைலேஷன்ஸ் ஃபோல்டருக்குள்ள போய்க் கிடக்கு. அங்கிட்டு இங்கிட்டு காப்பி பண்ணி கான்ஃபிக் 140 வரி ஆயிருச்சுண்ணே.

திருநகர்க்காரன்:
தம்பி, பீட்ஸ் ஆல்பம் விவரம் தேடுற இணையத் தரவுத்தளமான மியூசிக்பிரெயின்ஸே புது வெர்ஷன்ல ஒரு ப்ளகின்தான். நீங்க ப்ளகின்ஸ் வரியே எழுதாத வரைக்கும் அது தானா இருக்கும், எழுதிட்டீங்கன்னா உங்க லிஸ்ட்ல இருக்கது மட்டும்தான் லோடு ஆகும், அதுல அது இல்லைன்னா தேடுறதுக்கு இடமே இல்லையே, எப்படி மேட்ச் ஆகும்? அதே வரியில மியூசிக்பிரெயின்ஸையும் சேருங்க. அந்த 140 வரியையும் தயவுசெஞ்சு எடுத்துருங்க, டைரக்டரி (பாட்டு இருக்க இடம்), ப்ளகின்ஸ், பாத்ஸ் (ஃபோல்டர், ஃபைல் பேரு எப்படி வரணும்னு சொல்றது) இம்புட்டு போதும். ஒவ்வொரு ப்ளகினா சேர்த்து ஒரு ஆல்பம் ஏத்திப் பாத்துட்டு அடுத்ததுக்குப் போங்க.

வைகைக்கரை:
மேல சொன்னது சரி. கம்பைலேஷன்ஸ் எதுக்கு வருதுன்னா, பாட்டுக்கு ஒரு பாடகர்னு இருக்கதால நம்ம சினிமா ஆல்பம் நெறைய வேரியஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ்னு பதிவாகியிருக்கும், பீட்ஸ் அதையெல்லாம் கம்பைலேஷனா, அதாவது பலபேர் பாட்டுத் தொகுப்பா எடுத்துக்கும். பாத்ஸுக்குக் கீழ காம்ப்னு ஒரு வரி போட்டு படம் பேரு, வருஷம், பாட்டுன்னு குடுங்க. ஸ்பேஸ் விட்டுத்தான் உள்ள தள்ளணும், டேப் கீ அமுக்குனா கான்ஃபிக் ஃபைல் எழுதுற யாமல் வடிவம் ஒத்துக்காது, எத்தனாவது வரின்னு சொல்லி நின்னுரும். பெறகு பீட் மூவ் மைனஸ் பின்னு கமாண்ட் குடுங்க, எது எங்க போகும்னு காட்டும், ஃபைல் நகராது. திருப்தின்னா மைனஸ் பி இல்லாம ஓட்டுங்க.
பைத்தான் மென்பொருளைத் தனித்தனி இடத்துல வைக்கிற பிப்எக்ஸ்ல பீட்ஸை இன்ஸ்டால் பண்ணிருந்தா குரோமாவுக்கு வேண்டிய பைஅகூஸ்டிட் லைப்ரரியையும் பிப்எக்ஸ் இன்ஜெக்ட் போட்டு அதுக்குள்ளயே ஏத்தணும், வெளிய இருந்தா பீட்ஸ் கண்ணுக்குத் தெரியாது.

மேலூர் மைக்செட்:
அண்ணே ரெண்டு பேருக்கும் கோடி நன்றி. மியூசிக்பிரெயின்ஸ்னு சேர்த்ததும் மொத ஆல்பமே மேட்ச் ஆயிருச்சு, கான்ஃபிக் இப்ப 11 வரிதான். படமெல்லாம் அதது பேர்ல நிக்குது. கேசட்ல இருந்து எடுத்த கரகாட்டம், நையாண்டி மேளம் மட்டும் எதுலயும் சிக்கலை, அப்பா கையால அட்டையில எழுதி வச்ச ஊரும் தேதியும்தான் இருக்கு. அதை என்ன பண்றது?

வைகைக்கரை:
அதுக்கு இம்போர்ட் மைனஸ் பெரிய ஏ குடுங்க, எங்கயும் தேடாம, பாட்டு ஃபைலுக்குள்ள விவரம் எழுதியிருக்க டேக்ல இருக்கபடியே ஏத்திக்கும். ஏத்துறதுக்கு முன்னாடி ஊர் பேரை ஆல்பத்துலயும் வருஷத்தை அதோட எடத்துலயும் அடிச்சுருங்க. அப்பா எழுதுன அட்டையை ஃபோட்டோ எடுத்து கவர்.ஜேபிஜின்னு அதே ஃபோல்டர்ல வச்சீங்கன்னா ஃபெட்ச்ஆர்ட் அதையே ஆல்பம் படமா எடுத்துக்கும்.